வெயில் இல்லாத நாட்களுக்கு ஒரு கணக்கு

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி எப்படி இருக்கிறேன் என்பதை இந்தக் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். பள்ளிப் பிள்ளைகளின் கோணல் எழுத்தை வைத்தே யார் வீட்டில் என்ன சண்டை என்று சொன்னவள் நீ. அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.

நீ எழுதியிருப்பது ஆறேழு வரி. வண்டியோடு மேட்டுப் பக்கம் போகப் போகிறாய், மழையும் குளிரும் முடிகிற வரை அங்கேதான் இருக்கப் போகிறாய், பிளக் என்று ஒன்று அங்கே எங்கும் கிடையாது. “கரண்டுக்குன்னு அடிக்கடி வீட்டுக்கு ஓடி வந்துட்டு இருக்க முடியாதுங்க. எத்தனை பேனல், எத்தனை பேட்டரி வேணும்னு கணக்குப் போட்டு எழுதுங்க. நீங்க போட்டா சரியா இருக்கும்.” பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாய். முதல் வரியைப் பலமுறை படித்தேன். கடைசி வரியை ஒருமுறைக்கு மேல் படிக்க முடியவில்லை.

பதிலை ஒழுங்காக எழுத வேண்டும் என்று தலைப்புகளாகப் பிரித்துக்கொண்டேன்:

1. உன் வண்டிக்கு ஒரு நாளில் ஆகும் மின்சாரம்
2. கூரையில் எத்தனை பேனல்
3. வெயில் இல்லாத நாட்கள் எத்தனை என்று வைத்துக்கொள்வது
4. அதற்கு எவ்வளவு பேட்டரி
5. ஒயரும் ஃபியூஸும்
6. வீட்டுச் செய்திகள்

ஆறாவதை முதலில் படிக்காதே. வரிசையாகப் படி.

தொடங்குவதற்கு முன் ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மீட்டர் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். மற்றவர்கள் செலவழித்து முடித்த மின்சாரத்தை அளந்துதான் எனக்குப் பழக்கம். இனிமேல் செலவாகப் போவதை அளந்து பழக்கமில்லை. அது வாத்தின் துறை. முப்பத்தொரு வயதில், சொந்தச் சம்பாத்தியத்தில், நீ இப்போது ஓட்டுகிற அந்தப் பழைய பிரெட் வண்டியை வாங்கி, அதற்குள் படுக்கையும் அலமாரியும் அடித்த பிறகும் நம் பையனை நாம் வாத்து என்றுதான் கூப்பிட்டோம். அந்தக் காய்ச்சலின்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டாள். எனக்கு வாயில் முதலில் அதுதான் வந்தது. அந்தப் பெண் எழுதிக்கொள்ளப் பார்த்தாள்.

அவன் இருந்திருந்தால் இந்தக் கணக்கை ஒரு பழைய கவரின் பின்புறத்தில் போட்டு முடித்திருப்பான். எனக்கு நாலு முழுத்தாள் ஆகிறது.

1. ஒரு நாள் செலவு

உன் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பொருளும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்த்து, இரண்டையும் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் எத்தனை மணி நேரம் என்பதை உண்மையாகச் சொல்வதில்தான் இருக்கிறது.

முதலில் ஃபிரிட்ஜ். போன தடவை நீ வந்து முற்றத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது என் பழைய மீட்டரை அதில் மாட்டி ஒரு நாள் முழுக்க அளந்தேன் அல்லவா? “என்னங்க இது, ஃபிரிட்ஜுக்குக் காய்ச்சலா? நாடி புடிச்சுப் பாக்கறீங்க?” என்று கேலி செய்தாய். காய்ச்சல் என்ற சொல் விழுந்ததும் நீ வண்டிக்குள் போய்விட்டாய், நான் மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது காட்டியது நானூற்று எண்பது வாட்-மணி. மேட்டின் குளிரில் இன்னும் குறையும், பகல் சூட்டில் கூடும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று அதையே வைத்திருக்கிறேன். இந்த ஃபிரிட்ஜில்தான் உன் இன்சுலின் இருக்கிறது. பட்டியலில் வேறு எது நின்றாலும் அது உனக்குத் தொல்லை மட்டும்தான். இது நின்றால் ஆபத்து. இதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

விளக்குகள் இரண்டும் சேர்த்து நாற்பது. கைபேசிக்கு இருபது. மடிக்கணினிக்கு நூறு. தண்ணீர் மோட்டார் பத்துதான். அது குழந்தை மாதிரி, சத்தம் அதிகம், சாப்பாடு குறைவு.

அடுத்தது விசிறி. இங்கே உனக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டியிருக்கிறது. நீ வைத்திருப்பது வீட்டுக் கரண்டில் ஓடும் டேபிள் ஃபேன். பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்ற ஒரு இன்வெர்ட்டர் வேண்டும். அந்த மாற்றத்தில் கொஞ்சம் வீணாகும். விசிறி ஓடாதபோதும் இன்வெர்ட்டர் சும்மா இருக்காமல் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்த்து இந்த ஒரு விசிறிக்கு நானூற்று எண்பது ஆகிறது. ஃபிரிட்ஜ் முழு நாளும் உழைத்து எடுப்பதை இது எட்டு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறது. வண்டிகளுக்கென்றே பன்னிரண்டு வோல்ட் விசிறி வருகிறது. அதை வாங்கிக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும், இன்வெர்ட்டரே தேவைப்படாது. படித்தவன் எவனும் முதலில் இதைத்தான் சொல்லுவான்.

ஆனால் அந்த விசிறி எந்த அறையிலிருந்து போனது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில்தான் நான் இப்போது படுக்கிறேன். இடதுபக்கம் திரும்பும்போது ‘கடக்’ என்று ஒரு சத்தம் போடும், ஞாபகம் இருக்கிறதா? “எண்ணெய் விடுடா” என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லி, “அது இல்லன்னா தூக்கம் வராதுப்பா” என்று அவன் வருஷக்கணக்காகத் தட்டிக் கழித்தது. இப்போது அந்தச் சத்தம் உன்னிடம் இருக்கிறது, கட்டில் என்னிடம் இருக்கிறது. விசிறியை மாற்றச் சொல்லப் போவதில்லை. கணக்கில் சேர்த்துவிட்டேன்.

மொத்தம் ஆயிரத்து நூற்று முப்பது. எதிலாவது நான் குறைத்துப் பிடித்திருக்கலாம் என்பதால் கால் பங்கு கூட்டி, ஆயிரத்து நானூறு வாட்-மணி என்று வைத்துக்கொள். வீட்டு மீட்டர் பாஷையில் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மனுஷிக்கு இவ்வளவு போதும். இந்த வீட்டில் நான் தனியாளாக இதைவிட இரண்டு மடங்கு எரிக்கிறேன். எல்லா அறையிலும் விளக்குப் போட்டு வைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

2. பேனல்

சூரியன் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பூகோளம் சொல்லிக்கொடுத்த உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் வேலை அதை எண்ணாக்குவது மட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம் இருந்தாலும், பேனலுக்கு அது அத்தனை மணி நேரம் அல்ல. சாய்ந்த வெயில், மங்கல் வெயில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்தால், அந்தப் பக்கத்துக் குளிர்காலத்தில் முழு வெயில் மூன்றரை மணி நேரம்தான் தேறும். அதிலும் சூட்டிலும் தூசியிலும் ஒயரிலும் கால் பங்கு போய்விடும். ஆயிரத்து நானூறைத் திரும்ப நிரப்ப ஐந்நூற்று முப்பது வாட்டுக்கு மேல் வேண்டும்.

நூற்று எண்பது வாட் பேனல் மூன்று வாங்கு. ஐந்நூற்று நாற்பது. வண்டிக் கூரையை நான் அளந்து வைத்திருந்தேன். மூன்றையும் குறுக்காகப் படுக்க வைத்தால், காற்றுக்காக வாத்து வெட்டிய மேல்ஜன்னலுக்கும் இடம் மிஞ்சும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி விடச் சொல். கீழே காற்று ஓடாவிட்டால் சூடேறி, உழைப்பு குறைந்துவிடும்.

அவன் வைத்த பழைய நூறு வாட் பேனலைக் கடைக்காரர்கள் கழற்றச் சொல்வார்கள். வேண்டாம். புதியவற்றோடு சேர்த்து ஒரே கோட்டில் கட்டினால் அது மற்றவற்றையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும் என்பது உண்மைதான். பேட்டரிக்கு ஏறும் கரண்டை அளவாக விடுகிற கண்ட்ரோலர் ஒன்றைச் சின்னதாக அதற்குத் தனியாகப் போட்டுக்கொடுத்தால் தன் பாட்டுக்குத் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கும். யாரையும் தொந்தரவு செய்யாது. நான் இந்த வீட்டில் இருப்பது போல.

இந்தக் கடைசி வாக்கியம் கணக்குக்குச் சம்பந்தமில்லாதது. மையில் எழுதிவிட்டேன்.

3. வெயில் இல்லாத நாட்கள்

இதுதான் கணக்கிலேயே கணக்குக்குள் அடங்காத பகுதி. மூட்டம் போட்டு, பேனல் ஒன்றும் தராமல் இருந்தால், எத்தனை நாள் பேட்டரி மட்டுமே தாங்க வேண்டும்? ஒருவர் ஒன்று என்பார், ஒருவர் ஐந்து என்பார். இடத்தையும் ஆளையும் பொறுத்தது.

உனக்கு ஒரு நாள் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். காரணங்கள்: முதலாவது, உன் வண்டி ஓடுகிற வண்டி, கல் கட்டிடம் அல்ல. மூட்டம் போட்டால் மூட்டம் இல்லாத இடத்துக்கு நகர்ந்துவிடலாம். இரண்டாவது, பேட்டரி கனம். கரடு முரடான பாதையில் கனம் குறைவாக இருப்பது நல்லது. மூன்றாவது, எப்போதுமே பேட்டரி தீரும் தறுவாயில் வீட்டுக்கு வந்துவிடுவது உனக்குப் பழக்கம்தான். இதுவரை அந்த ஒற்றை பேனலையும் வழியில் கிடைத்த பிளக்குகளையும் வைத்துக்கொண்டு அப்படித்தானே ஓட்டினாய்? மாதத்துக்கு ஒருமுறை வண்டி முற்றத்துக்குள் வரும். நான் அடுக்களை ஜன்னல் வழியாக அந்த ஆரஞ்சு எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டுவேன். நீ வாங்கிச் செருகிக்கொள்வாய். இரண்டு ராத்திரி வண்டியிலேயே படுப்பாய். காலையில் அதே ஜன்னல் வழியாக நான் டீ நீட்டுவேன். பேட்டரி நிறைந்ததும் போய்விடுவாய்.

வீட்டுக்குள் வந்து படு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் என்னை வண்டிக்குள் ஏறச் சொல்வதை நிறுத்திவிட்டாய். அவன் அறைக் கதவைத் தாண்டி நடக்க உன்னால் முடியவில்லை. வண்டிக்குள் அவன் பூசிய வார்னிஷ் வாசனைக்குள் உட்கார என்னால் முடியவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் நடுவில் இருந்தது, அது இருவருக்கும் சௌகரியமாக இருந்தது.

ஆகவே, ஒரு நாள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது உன் தங்கை வந்தாள். வந்ததும் வராததுமாக அடுக்களைக்குள் போய்ச் சத்தம் போட்டாள். “அத்தான், இந்த ஜன்னல ஏன் எப்பப் பாத்தாலும் தெறந்தே வெச்சிருக்கீங்க? பூனை வந்து பாலைக் குடிச்சிட்டு, உக்காந்து மூஞ்சியும் கழுவிட்டுப் போவுது. அதுக்குத்தான் பால் வாங்கறீங்களா?” ஒயர் போக வர இடம் வேண்டும் என்றேன். “ஒயரு எங்க போவுது? சுருட்டி மேடை மேலதான கிடக்கு!” என்றாள்.

அப்புறம் நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். “அட, இவ்வளவுதானா? பேட்டரிய சின்னதா சொல்லிவிடுங்க அத்தான். தீந்துபோனா தானா வந்து வாசல்ல நிப்பா. எங்க அக்காவக் கூப்புட்டா வரமாட்டா, தேவைன்னா வருவா” என்று சிரித்தாள். கணக்கு என்றால் அப்படியெல்லாம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். முகம் வாடிப் போய்விட்டது, பாவம். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் வருவதற்கு முன்பே ‘ஒரு நாள்’ என்று எழுதி முடித்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

4. பேட்டரி

ஒரு நாள் என்றால் ஆயிரத்து நானூறு. லித்தியம் பேட்டரியே வாங்கு. பழைய வகையில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, இதில் ஐந்தில் நாலு பங்கு எடுக்கலாம். நூற்றைம்பது ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. அதிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு சொச்சம் எடுக்கலாம். சரியாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. தண்ணீர் உறையும் குளிரில் இந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே கெட்டுவிடும். அந்த மாதிரிக் குளிரில் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. வண்டிக்குள் வைத்துவிட்டால் உன் மூச்சுக் காற்றின் சூடே அதற்குப் போதும்.

5. ஒயரும் ஃபியூஸும்

இதைப் படிக்கும்போது “ஆரம்பிச்சுட்டாரு” என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. இருக்கட்டும்.

பன்னிரண்டு வோல்ட் என்று அலட்சியம் வேண்டாம். தொட்டால் ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்கும். வோல்ட் குறைந்த இடத்தில் ஆம்பியர் கூடும், ஆம்பியர் கூடினால் ஒயர் தடிப்பாக இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகிற ஒயர் உன் சுண்டுவிரல் தடிமன் இருக்கட்டும், நீளம் குறைவாக இருக்கட்டும். பேட்டரியிலிருந்து புறப்பட்ட உடனேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். தகரத்தில் ஒயர் நுழையும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடச் சொல். குலுங்கி உரசி, ஒருநாள் வெட்டுப்படும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும். டிரைவர் சீட்டை நீ இன்னும் முன்னால் இழுக்கவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, நுனியில் உட்கார்ந்து, கால் எட்டாமல் எட்டி பிரேக் மிதிக்கிறாய். நெட்டையனுக்காக வைத்த சீட் அது. அவன் கால் நீளம் அந்தச் சீட்டில் அப்படியே இருக்கட்டும் என்று உனக்குத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால்தான் இதுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் மண் பாதையில் இறக்கத்தில் தலையணை நழுவினால்? சீட்டின் அடியில் ஒரு கம்பி இருக்கிறது, இழுத்தால் நகரும். இப்போது நிற்கும் இடத்தில் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள். எப்போது வேண்டுமானாலும் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். எதுவும் அழிந்துவிடாது.

6. வீட்டுச் செய்திகள்

மேலேயே எல்லாம் எழுதிவிட்டேன் போலிருக்கிறது. பூனைக்குக் குட்டி பிறக்கப் போகிறது. பல் ஒன்று எடுத்தேன். தெருமுனை பல் டாக்டர், வாயைத் திறக்க வைத்துவிட்டு, “அம்மா இந்த மாசம் வண்டில வரலையா சார்?” என்று கேட்டார். அந்த நிலையில் எந்தப் பதிலும் சொல்ல முடியாது என்பது வசதியாக இருந்தது.

இத்தோடு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

பேட்டரி படுக்கைக்கு அடியில் நுழையுமா என்று ஒரு சந்தேகம். தபாலில் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம் என்று நேற்று கடைக்குப் போனேன். கடைக்காரர் எதையாவது விற்றே தீருகிற ஆள். நான் நூற்றைம்பது ஆம்பியர்-மணி பேட்டரியின் நீள அகலம் மட்டும் கேட்டேன். “எத்தனை வேணும் சார்?” என்றார். ஒன்று என்றேன். யாருக்கு, எதற்கு என்று கிண்டினார். மனைவிக்கு, மேட்டுப் பக்கம் மழைக்காலம் முழுக்க இருக்கப் போகிறாள் என்றேன். “ஒண்ணே ஒண்ணக் குடுத்தா அனுப்புறீங்க? வீட்டம்மா மேல அப்படி என்ன சார் கோவம்?” என்று பெரிதாகச் சிரித்துவிட்டு, அடுத்த மூச்சில் எனக்கு ஒரு டார்ச் லைட்டை விற்கப் பார்த்தார். வாய்க்கு வந்ததைச் சொல்கிற மனிதர். எல்லோரிடமும் அதையேதான் சொல்வார். எனக்கு மட்டும் கடையில் நிற்க முடியவில்லை. அளவை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீளம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர், அகலம் பதினேழு, உயரம் இருபத்து நாலு.

வீட்டுக்கு வந்து, போன தடவை பின்கதவுக்கு வெளியே நின்றபடி வண்டியை அளந்தபோது குறித்த தாளை எடுத்தேன். படுக்கைக்கு அடியில் வாத்து அடித்த பெட்டி இருக்கிறதே, ஒன்றில் வெங்காயமும், ஒன்றில் உருளைக்கிழங்கும், ஒன்றில் செருப்பும் போட்டு வைத்திருக்கிறாயே, அதன் அளவு அந்தத் தாளில் இருந்தது. ஓர் அறை, நீளம் ஐம்பது, அகலம் பத்தொன்பது, உயரம் இருபத்தேழு. எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி. ஒரே மாதிரி மூன்று அறைகள். ஒவ்வொன்றின் பின்பலகையிலும் சுண்டுவிரல் போகிற அளவு இரண்டு துளை. “வெங்காயத்துக்குக் காத்து வேணும்னு போட்டிருக்கான் பாருங்க, எம்புள்ள” என்று நீ பெருமையாகச் சொன்னாய். நானும் நம்பினேன். அவன் வெங்காயத்துக்காகத் துளை போடவில்லை டீச்சர்.

அவன் நம்மிடம் சொன்னது என்ன? “பத்து நாள் லீவுப்பா. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்.” பத்து நாள் சுற்றப் போகிறவன் மூன்று பேட்டரிக்கு இடம் அடிக்க மாட்டான். அவனும் சீக்கிரம் திரும்புவதாக இல்லை. நம்மிடம் சொல்லத் தயங்கியிருக்கிறான். என்னிடம் என்றே சொல்லலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். உட்கார்ந்து அவனுக்கும் ஒரு நாள் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்.

மேலே மூன்றாவது தலைப்பில் நான் எழுதியது தவறு. அதைப் பிடித்துக்கொண்டு வந்ததால் நான்காவதும் தவறு. அங்கே கொடுத்த காரணங்கள் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கின்றன. அதனாலேயே அவற்றின் மேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெயில் இல்லாத நாள் என்றால் அங்கே மழை நாள். மழை நாளில் அந்த மண் பாதையில் வண்டி இறங்காது. நகர்ந்து போகவும் முடியாது, வீட்டுக்கு வரவும் முடியாது. நீ வர முடிகிற நாட்களுக்கு பேட்டரியே தேவையில்லை. வர முடியாத நாட்களுக்குத்தான் அது. முதல் நாள் சாயங்காலம் ஒற்றை பேட்டரி தீர்ந்துபோய், ஃபிரிட்ஜ் நின்று, இன்சுலின் சூடாகிக்கொண்டிருக்க, நீ சேற்றில் உட்கார்ந்திருப்பாய். நான் இங்கே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு வந்துவிடுவாள் என்று டீ போட்டுக்கொண்டிருப்பேன். நான் போட்டால் சரியாக இருக்கும் என்று நம்பித்தானே கேட்டாய்?

மூன்று நாள் என்று வைத்துக்கொள். நாலாயிரத்து இருநூறு. பேட்டரி மூன்று. அவன் அடித்த அறைகளில் ஒன்றொன்றாக இறக்கு. பின்னால் உள்ள துளைகளில் ஒயரைக் கொண்டுவா. வெங்காயத்துக்கு வேறு இடம் பார். பேனல் நான் சொன்ன மூன்றும் போதும்; வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்தும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்படி ஒரு கருவி இருக்கிறது, அதையும் போடச் சொல். அதை நான் மேலே எங்கும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். மறதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக் கட்டினால் மழை, குளிர் இரண்டும் தாங்கும். கரண்டுக்காக நீ எங்கேயும் வர வேண்டியிருக்காது. இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

கடிதத்தைத் திருப்பி எழுதலாம் என்று நினைத்தேன். திருப்பி எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு நாளுக்கு இன்னும் நல்ல காரணமாகக் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் தவறோடேயே அனுப்புகிறேன். உன்னிடம் சிவப்புப் பேனா இன்னும் இருக்கிறதா? மூன்றாவது தலைப்பைக் குறுக்கே அடித்து, வேறு எங்காவது தப்பு இருந்தால் அதையும் சுழித்து, தாளை எனக்குத் திருப்பி அனுப்பு. மார்க் போட வேண்டாம். அடித்து அனுப்பினால் போதும்.

அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டேன், பூனைக்காக. தாழ்ப்பாள் போடவில்லை.

நீ நிறுத்துகிற இடத்திலெல்லாம் உன் கூரை மேல் நல்ல வெயில் அடிக்கட்டும். ராத்திரி விசிறி இடதுபக்கம் திரும்பும்போது, எனக்காகவும் ஒருமுறை காது கொடுத்துக் கேள்.

இப்படிக்கு,
மூன்றாவது தலைப்பில் தவறு செய்த,
உன் வீட்டுக்காரர்